நாலு எல்லை

காணிப் பதிவகத்தில் எனக்கு வேலை.
வடக்கு: சின்னத்தம்பி பேரிலுள்ள தென்னங்காணி.
கிழக்கு: கடற்கரை ஒதுக்கு.
தெற்கு: வண்டில் பாதை.
மேற்கு: ஒருவரும் உரிமை கோராத வெட்டை.
பகலெல்லாம் மற்றவர்களின் வேலியைத் தட்டச்சுச் செய்துவிட்டு
ஆறரை மணிக்கு உவர்மலை அறையில்
மின்விசிறிக்குக் கீழே
என்னுடையதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்:
அமைப்புகள், தனியுரிமை,
இந்தப் பதிவை யார் பார்க்கலாம்.

நடந்தது இவ்வளவுதான்.
போன சனி உப்புவெளியில்
முழங்காலளவு தண்ணீரில் நின்றேன்.
பாவாடை நனைந்திருந்தது.
படம் எடுத்தது நானேதான்,
போனை ஒரு வள்ளத்தில் சாய்த்து வைத்து.
பின்னால் வலை உதறிக்கொண்டு ஒரு பொடியன்.
அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

திங்கள் காலை ஓட்டோக் கஜமுகன்
கண்ணாடிக்குள்ளால் பார்த்து
"அக்கா, கடல் எப்பிடி?" என்றான்.
பதினொரு மணித் தேத்தண்ணிக்குப் பிரதான லிகிதர்
"படம் வடிவு" என்றார்,
அந்த வடிவைக் கொஞ்சநேரம் வாயில் வைத்திருந்துவிட்டு.
ஸ்கார்பரோவிலிருந்து நந்தா மாமி,
அங்கே அப்போது நடுச்சாமம்:
"ஆரடி அந்தப் பொடியன்?"

பழைய பதிவுகளைக் கட்டுப்படுத்து. ஆம்.
உறுதியா, என்று கேட்கிறது.
ஒருவர் வளவையே எழுதிக் கொடுக்கும்போதுகூட
எங்கள் அலுவலகத்தில் இரண்டுதரம் கேட்பதில்லை.
பிறந்த ஆண்டு: நான் மட்டும்.
இருப்பிடம்: நிறுத்து.
நிறுத்தி என்ன, இந்த ஊரில்?
பஸ் நிலையத்தில் காட்போட் மட்டை தின்னும் மான்களுக்கே தெரியும்
நான் எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று.
தொலைபேசி இலக்கத்தால் உங்களை யார் கண்டுபிடிக்கலாம்?

விரல் அதற்குமேலே நின்றுவிட்டது.

றிஸ்மியா.
மூதூர், கணக்கு ரியூசன், பக்கத்துக் கதிரை.
என் கொம்பாசுப் பெட்டியின் மூடி அவளிடம்,
அவளுடைய பாகைமானி என்னிடம்.
இரண்டாயிரத்து ஆறு, ஆவணி.
அவர்கள் கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள்,
நாங்கள் வெருகல் பக்கம்.
திரும்பி வந்தபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள்.
புத்தளம் என்றார் ஒருவர், கட்டார் என்றார் இன்னொருவர்.
இதுவரை நாற்பத்தொரு றிஸ்மியாக்களைத் திறந்து பார்த்திருக்கிறேன்.
பாதிப் பேருக்கு முகமிருக்கும் இடத்தில் ரோசாப்பூ.
அவர்களும் ஏதோவொரு சனிக்கிழமைக்குப் பிறகு
பூட்டிக்கொண்டவர்களாயிருக்கும்.

எல்லோரும். நண்பர்கள்.
நண்பர்களின் நண்பர்கள். நான் மட்டும்.
குறிப்பிட்ட ஆட்கள் என்று ஐந்தாவதாய் ஒன்றும் இருக்கிறதுதான்;
அதற்கு அவள் ஏற்கெனவே உள்ளே வந்திருக்கவேண்டும்.
வெளியே எங்கோ நிற்கிற ஒருத்திக்காக
வேலியில் ஒரு கடப்பு விட
இதில் இடமில்லை.

இலக்கத்தைப் பூட்டினேன்.
உப்புவெளிப் படத்தையும் பூட்டினேன்,
பொடியனோடு, வலையோடு, என் நனைந்த பாவாடையோடு.
பிறகு, 'மற்றப் பெயர்' என்ற பெட்டியில்
ரியூசனில் அவள் எனக்கு வைத்த பட்டத்தை எழுதினேன்.
நெத்தலி.
யார் பார்க்கலாம்?
எல்லோரும்.

துறைமுகத்தில் கோதுமைக் கப்பலொன்று ஊதி ஓயவில்லை,
நந்தா மாமி,
கண்ணீர் வரச் சிரிக்கும் மூன்று முகங்களோடு:
"இதென்னடி பேர்?"

மாமியின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள்.
தொட்டால் தடுக்கலாம்.
தொடவில்லை.
அவவுக்கு ஆயிரத்து எழுநூறு நண்பர்கள்.