பத்தொன்பது

மன்னார்குடி அரசு மருத்துவமனையில்
பகலெல்லாம் எலும்புகளைப் படம் பிடிக்கிறேன்.
இரவில் ஹரிகேன்.
எழுபத்திரண்டில் ஒரு பங்கு;
சேர்த்து விரித்த இரண்டு உள்ளங்கைக்குள்
இறக்கையோடு அடங்கிவிடும்.
ஒட்டி முடிக்க நாலு வாரம்.
பச்சையும் பழுப்பும் அடிக்க ஒரு ஞாயிறு.
அழுக்காக்கத்தான் ஆறு மாதமாகிறது.

கையில் இருப்பது ஒரே ஒரு படம்.
லால்குடி பெர்னாட் எங்கோ ஏலத்தில் பிடித்து
நகலெடுத்து அனுப்பியது.
வயலில் வயிறு பதித்துக் கிடக்கிறது விமானம்.
கண்ணாடிக் கூண்டு பின்னுக்குத் தள்ளியிருக்கிறது.
முழங்கால் சேற்றில் ஏழெட்டுப் பேர்.
ஒருவன் மட்டும் கேமராவைப் பார்க்காமல்
நசுங்கிய நாற்றைப் பார்க்கிறான்.
பின்புறம் பென்சிலில்:
நீடாமங்கலத்துக்குத் தெற்கே.

சாம்பலை வாசிப்பது என் பிழைப்புதான்.
ஆனால் எலும்புக்கு நிறம் தேவையில்லை.
இந்தச் சாம்பல் பச்சையா, பழுப்பா?
அந்தக் காலத்துப் பிலிம் சிலதுக்குச் சிவப்பே தெரியாதாம்,
கறுப்பாய் விழுமாம்.
புத்தகங்களில் பாலைவனம் இருக்கிறது, பனி இருக்கிறது;
குறுவை வயலில் விழுந்ததற்கு
ஒருவரும் வண்ண அட்டை போடவில்லை.

புகைக்கரிக்கு வடசேரி ரோட்டு டீசல் பம்ப்செட்.
குழாய் வாயருகே சுவரில் அடர்ந்து
போகப்போக வெளுத்து
ஓரத்தில் பழுப்பாய் முடிகிறது.
படமெடுத்தால் உள்ளிருந்து குரல்:
"மோட்டார் விலைக்கு இல்லைம்மா."

பெயிண்ட் உதிர்வதற்கு, ஆத்தூரிலிருந்து வந்த
அறுவடை மெஷின்.
வெயில் எங்கும் வெளுக்கிறது.
கால் ஓரிடத்தில்தான் தேய்க்கிறது:
படி, கைப்பிடி, கதவின் கீழ் விளிம்பு.
"இதையா சின்னதா செய்யறீங்க?" என்றார்
ஓட்டுநர் விருத்தகிரி.
ஆமாம் என்றேன்.
விமானம் என்று சொல்ல வெட்கமாயிருந்தது.

வந்து வெள்ளி தொட்டு வைத்தேன், ஸ்பாஞ்சு நுனியால்,
வால்வரைக்கும்.
பெர்னாட் போனிலேயே அதட்டினார்:
"பின்னுடம்பு துணி மேடம்!
துணி கிழியும். வெள்ளியா உதிராது."
அதை அழிக்க ஒரு வாரம்.

சேற்றுக்குப் பாமணியாற்று வண்டலையே
காயவைத்து, இடித்து, வேட்டித்துணியில் சலித்து
ஒட்டினேன்.
பாறை பாறையாய் நின்றது.
என்ஜினைச் சுருக்கிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள்,
ஆணியை, சக்கரத்தை, ஆள் உட்காரும் பள்ளத்தை.
மண்ணைச் சுருக்க ஆளில்லை.

பங்குனியில் இன்னொரு தாள் வந்தது.
படைப் பதிவேட்டில் ஒரு வரி:
எண், ஒப்படைத்த தேதி, கழித்த தேதி.
விரல்விட்டு எண்ணினேன்.
பத்தொன்பது நாள்.

பத்தொன்பது நாளில் எந்த வெயில் எதை வெளுக்கும்?
நான் தீட்டி வைத்திருப்பது
நாலு வருஷம் வாழ்ந்த ஒன்றை.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
இருபது வயசு எலும்பு
மேசைக்கு வரும்போது எத்தனை வெண்மையாய் இருக்கும்,
ஓரம் எத்தனை சுத்தமாய்,
உடைந்த இடம் தவிர.
பைக்கில் வந்தவன் என்று
சீட்டைப் பார்க்காமலே சொல்வேன்.

தின்னர் தொட்டுத் துடைத்தேன்.
அடிநிறமும் கொஞ்சம் வந்தது, மறுபடி அடித்தேன்.
வெளுப்பு போயிற்று. வெள்ளி போயிற்று.
புகைக்கரி பாதிக்கு வைத்தேன்.
வயிற்றில் மட்டும் சேறு, அது அன்றைக்குள்ளது;
மண்ணை விட்டுவிட்டு வண்ணத்தில் குழைத்தது.

இடது இறக்கை வேரில், கால் வைக்கும் இடத்தில்
லேசாய் ஒரு தேய்மானம் விட்டிருக்கிறேன்.
ஏறியதற்கு.
அந்தக் கடைசித் தடவை இறங்கினானா என்று
தாளில் இல்லை.
படத்தில் அந்தப் பக்கம்
நாற்றைப் பார்ப்பவன் மறைத்துக்கொண்டு நிற்கிறான்.