பத்து எழுத்துக்குள்

மல்லாவிக் கூட்டுறவுச் சங்கத்து மேல்மாடியில்
இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது,
அதுவும் பழைய கணினிக்காக.
எனக்கு யன்னல்.
கீழே முற்றத்தில் லாண்ட்மாஸ்டர் ஒன்று
இயந்திரம் நிறுத்தாமல் நிற்கிறது.

பொக்ஸ்புரோவில் எழுதிய நெற்கணக்கை
ரஸ்டுக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும்,
பெரும்போகத்து மூட்டை வந்து இறங்க முன்.
முகாமையாளர் பரஞ்சோதி சொன்னது இவ்வளவுதான்:
"அச்சொட்டா அப்பிடியே வரவேணும் தங்கச்சி.
ஒரு சதம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

எழுதியவர் பெயர் எங்கும் இல்லை.
குறிப்பென்று ஒரு வரியும் விட்டுப்போகவில்லை.
மாப்பேணிக்குள் ஏழு நெகிழ்தட்டாக
இந்தக் கணக்கு ஊரோடு சேர்ந்து ஓடியதாம்,
ஊரோடு திரும்பி வந்ததாம்.
தட்டைத் தூக்கினவர் வேறு ஆள்.

ஆனாலும் ஆளைத் தெரிகிறது.
ஈரநெல்லுக்குக் கழிவு போடும் இடத்தில்
அரைக்கிலோவுக்குக் கீழே வந்தால்
காணாதமாதிரி விட்டுவிடுகிறார்.
புசலைக் கிலோவாக்கும் வரியை மூன்றுதரம் எழுதி
இரண்டைத் தடைபோட்டு வைத்திருக்கிறார், அழிக்க மனமில்லை.
சுற்றுக்குள் சுற்று, அதற்குள்ளும் ஒரு சுற்று,
கடைசிச் சுற்றை எண்ணுகிற மாறிக்கு
'மாடு' என்று பெயர்.
தனியே இருந்து சிரித்தேன்.

முதல் கிழமை முழுக்கப் பதினேழு சதம் உதைத்தது.
சரிபாதி வந்தால்
புதுமொழி இரட்டை எண்ணின் பக்கம் சாய்கிறது.
அவர் எப்போதும் மேலே தூக்கிவிடுவார்.
நானும் தூக்கிவிடப் பழகினேன்.

பழைய அட்டவணையில் ஒரு புலத்தின் பெயர்
பத்து எழுத்துக்கு மேல் நீளாது.
ஆங்கில எழுத்தில் தமிழை அடுக்கினவருக்கு
'மரணத்திகதி' கொள்ளவில்லை.
வெட்டுப்பட்டு

மரணத்த்

என்று நிற்கிறது.
ஒரு உயிர் வந்து ஏறினால்தான் வாய் மூடலாம்.

உயிரோடிருப்பவர்களுக்கு அந்தப் புலம் வெறுமை.
இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் வெறுமைதான்,
கடைசியாக அவர்கள் கைநாட்டு வைத்தது
இரண்டாயிரத்தெட்டு ஆவணியில்.
பொக்ஸ்புரோ இரண்டையும் பிரித்துக் கேட்டதில்லை.
எண் இல்லாத திகதியை
இரண்டு சாய்கோடாகக் காட்டிவிட்டு
அடுத்த ஆளிடம் போய்விடும்.

நான்தான் கெட்டித்தனமாக
இருக்கிறார், இறந்தார் என்று இரண்டு நிலை வகுத்தேன்.
பட்டியலை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.
பரஞ்சோதி மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார்.
"இவரைத் தெரியாது.
இவர், பாலிநகர்ப் பக்கம்.
இது..."
விரல் ஒரு வரியில் நின்றது.
லாண்ட்மாஸ்டரை யாரோ நிறுத்தினார்கள்.
"பழசில என்னெண்டு கிடந்தது?"
வெறுமையா, என்றேன்.
"அப்ப அப்பிடியே."

அப்படியே என்பது சுலபமில்லை இந்த மொழியில்.
இல்லாமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும்.
சொன்னபிறகு, இல்லாவிட்டால் என்ன செய்வாய்
என்று தொகுப்பி கேட்கும்,
பதில் எழுதும்வரை ஒரு அடி நகரவிடாது.
பிறகு பார்க்கலாம் என்று எழுதி ஓட்டினேன்.
அங்கத்தவர் நானூற்றுப் பதினேழில் விழுந்து நொறுங்கியது.

மின்சாரம் போனது. வந்தது.
எழுதினேன்:
திகதி இல்லாவிட்டால்,
வருடப் பங்கிலாபம் பதினொரு ரூபா நாற்பது சதத்தைக்
கணக்கில் சேர்.
இரண்டு சாய்கோட்டை அச்சிடு.
அடுத்தவரிடம் போ.

இரவு அச்சுப்பொறி கறகறவென்று இழுத்தது.
பழைய தாளும் புதிய தாளும் ஒன்றின்மேல் ஒன்றாக
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார் பரஞ்சோதி.
ஓரத்துத் துளைகளைக் கிழிக்காமலே மடித்தார்,
சட்டைப்பைக்குள் வைத்தார்,
பஸ் இருக்கோ தங்கச்சி என்றார்.

தொகுப்பிக்கு இன்னும் ஒரு முறைப்பாடு இருக்கிறது.
புதுமொழியில் சுற்று தானாகவே எண்ணிக்கொள்ளும்,
ஆகையால்
'மாடு' எங்கும் பயன்படவில்லை, அகற்றலாம், என்கிறது.
ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மஞ்சளில் சொல்கிறது.

நிற்கட்டும்.