பதினான்காம் தேதி

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
மழை விட்டால் கட்டிங் ஆயில் வாசனை எழும்.
ஒவ்வொரு பதினான்காம் தேதியும் அந்த வாசனையோடு
போர்ட்டலைத் திறக்கிறேன்.
நாங்கள் வாங்கியதாகச் சொல்பவை ஒரு பக்கம்,
அவர்கள் விற்றதாகச் சொல்பவை ஒரு பக்கம்.
நடுவில் நான்,
சம்பந்தி வீடுகளுக்கிடையே
சீர்த்தட்டு எண்ண உட்கார்த்திய ஆள் மாதிரி.

ஆயிரத்து நூற்று ஆறு பில்.
ஆயிரத்து எண்பத்திரண்டு பொருந்திவிட்டன.
பொருந்தியதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
மிச்சம் இருபத்து நான்கு
என் தூக்கத்தின் கணக்கில்.

சிலது சின்னத் தப்பு:
சுழியம் நிற்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ.
இன்னொன்று, எங்களுக்குச் சேர வேண்டிய வரி
பட்டியலில் எங்களுக்கு அடுத்த பெயர்க்காரனிடம்
போய் உட்கார்ந்திருக்கிறது.
அவன் யாரோ. ராமநகரத்தில் பிஸ்கட் செய்கிறான்.

ஓசூர் எத்திராஜ் அனுப்பும் வாஷர்
அத்திப்பள்ளி தாண்டி வந்தால்
பதினெட்டு முழுசாக வரும்.
பக்கத்துத் தெரு புட்டசாமி அனுப்பினால்
ஒன்பதும் ஒன்பதுமாகப் பிளந்து வரும்.
வாஷருக்கு இதெல்லாம் தெரியாது.
அதற்குத் தெரிந்தது நடுவிலிருக்கும் ஓட்டை.

புட்டசாமி மூன்று மாதமாகத் தாக்கல் செய்யவில்லை.
போனில் கேட்டால் "நாளெ மேடம்."
இந்த ஊரில் பேய் கதவைத் தட்டாமலிருக்க
வாசலில் எழுதிவைத்த சொல்லாம் அது.
நான் தினமும் தட்டினேன்,
தினமும் படித்துவிட்டுத் திரும்பினேன்.

போன மாதம் பூனாவிலிருந்து ஒரு பையன்
மென்பொருள் காட்ட வந்தான்.
ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு விளக்கு.
சிவப்பு எரிந்தால் பணம் தானாக நிற்கும்,
யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம்.
நாகபூஷண் சார் கை தட்டினார்.
நானும் தட்டினேன்,
ஒன்பது வருடத்து இருபதாம் தேதி இரவுகளையும்
மேசையில் ஆறிப்போன
எக் ரோல்களையும் நினைத்து.

மறுநாள் முதல் சிவப்பு: புட்டசாமி.

மதியம் நடந்தே போனேன், இரண்டு தெருதான்.
இரண்டு லேத், ஒரு ஸ்டூல், சுருள்சுருளாக இரும்புச் சீவல்.
பில்லெல்லாம் கம்பியில் குத்தி வரிசையாக இருந்தது.
வரிப் பணம் தனி பாஸ்புக்கில்,
பைசா தொடவில்லை.
"அப்புறம் என்னங்க?" என்றேன்.

ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
மாதாமாதம் தாக்கல் செய்த பையன்
மஸ்கட் போய்விட்டான்.
ஓ.டி.பி. அவன் நம்பருக்குத்தான் போகிறது.
அந்த நம்பர் இப்போது உயிரோடில்லை.

ஆறிலக்கம். மூன்று மாதமாக
ஒரு செத்த போனுக்குள் வந்து வந்து
பத்து நிமிடத்தில் காலாவதியாகிக்கொண்டிருந்த
ஆறிலக்கம்.
வெளியே பணத்தோடு நின்றிருந்தார் மனிதர்,
கடன்காரன் என்ற பெயரோடு.

அரை நாள் லீவு போட்டேன்.
வரி ஆபீசில் நம்பர் மாற்ற மனு,
ஆதார் நகல், பான் நகல்,
நகலின் நகல் கேட்ட ஒரு ஜன்னல்.
புட்டசாமி வாங்கித் தந்த காபியில்
சர்க்கரை அதிகம்.
தாமதக் கட்டணம் கட்டும்போது
ஒரு வார்த்தை பேசவில்லை அவர்.
எனக்குத்தான் ரசீதைப் பார்க்க முடியவில்லை.

விளக்குகளை எடுத்துவிடவில்லை. எரியட்டும்.
சப்ளையர் பட்டியலில் ஒரு கட்டம் மட்டும் சேர்த்தேன்,
பான் நம்பருக்கும் வங்கிக் கணக்குக்கும் நடுவில்:
ஓ.டி.பி. யாருக்குப் போகிறது?

ரெஹானா நூற்று நாற்பது பேருக்கு அனுப்பினாள்.
முப்பத்தெட்டு பேர்
வேறு யாருடைய நம்பரையோ எழுதினார்கள்.
மச்சான், பழைய ஆடிட்டர்,
விட்டுப்போன பார்ட்னர்.
இருபத்து மூன்று பேர் இன்னும் பதில் போடவில்லை.

எத்திராஜ் மட்டும் கேட்டிருக்கிறார்:
"உங்க நம்பர் கொடுத்துடட்டுமா மேடம்?"

இன்று பதின்மூன்று.
அதற்கு என்ன பதில் எழுதுவதென்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.