நாடு: தொண்ணூற்றெட்டு

மஹ்பூலா. நான்காவது மாடி. ஆறு கட்டில்.
வெள்ளிக்கிழமைச் சந்தையில்
பதினான்கு தினாருக்கு வாங்கிய மடிக்கணினி
என் மேல்கட்டிலில் மல்லாந்து
விசிறி இரைய மூச்சு வாங்குகிறது.
விண்டோஸ் அதற்குத் தாங்காது.
லினக்ஸ் ஏற்றினேன், எழுந்து உட்கார்ந்தது.
பாட்டு வந்தது, படம் வந்தது, அரபி விசைப்பலகைகூடப் பணிந்தது.
வைஃபை வரவில்லை.

"டிரைவர் சரியில்லை போல" என்றேன்.
கீழ்க்கட்டில் போர்வைக்குள்ளிருந்து
"யாரச் சொல்றீரு?" என்றார் தேவசகாயம்.
பதினோரு வருஷமாகக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்.
விசாவில் தொழில்: தச்சர் உதவியாளர்.

இணையம் இல்லாத பெட்டிக்கு
இணையம் தரும் டிரைவர்
இணையத்தில் இருக்கிறது.
போனை ஒயரால் கட்டி இறக்கினேன்.
சார்ஜிங் பின் ஆடும்;
பெருமூச்சு விட்டால் அறும்.
விடாமல் இறக்கினேன்
ஏற்றினேன் கழற்றினேன் மறுபடி மாட்டினேன்.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து
ஓடி ஓடிப் போய்
பிழை ஏதுமில்லை என்று நின்றது.

வேடிக்கை என்னவென்றால்
அட்டை உயிரோடுதான் இருந்தது.
ஐம்பத்து மூன்று பெயர்களைக் காட்டியது:
எதிர் சலூன், கீழே பக்காலா,
மூன்றாம் மாடி பிலிப்பைன் நர்ஸுகள்,
'காசு கொடு' என்று பெயர் வைத்த யாரோ ஒருவன்.
பென்னியுடையது மட்டும் இல்லை.
தலைக்கு மாதம் இரண்டு தினார் வாங்குகிற பென்னி,
சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை விடுகிற பென்னி.
நாகூர் கனியின் போனில் அவன் முழுப் பட்டை.
என் பெட்டியைப் பொறுத்தவரை
அவன் பிறக்கவே இல்லை.

இரவு ஒன்றரைக்கு ஒரு கட்டளை கிடைத்தது,
அட்டையிடம் கேட்பது:
எந்த நாட்டில் இருக்கிறாய்?

அமெரிக்கா, என்றது.

பாலைவன முகாம் ஏலத்தில் எடுத்த சரக்கு என்று
கடைக்காரன் சொன்னது அப்போதுதான் உறைத்தது.
எவனோ அதன் வயிற்றில் பொறித்து அனுப்பியிருக்கிறான்.
அந்த நாட்டில் பதினோரு சேனலோடு சரி.
பென்னி உட்கார்ந்திருப்பது பதின்மூன்றில்,
நெரிசல் இல்லாத மூலையாகப் பார்த்து.
காது இருக்கிறது.
சட்டப்படி அந்தப் பக்கம் திரும்பாது.

இது குவைத் என்று அடித்தேன்,
ரூட் கடவுச்சொல் கொடுத்து, அதிகாரத்தோடு.
மறுபடி கேட்டேன்.

தொண்ணூற்றெட்டு, என்றது.

அப்படி ஒரு நாடு இல்லை.
தேடிப் படித்ததில் தெரிந்தது:
இரண்டு நாடுகள் ஒத்துப்போகாதபோது
லினக்ஸ் தானாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும்.
அங்கேயும் சரி, இங்கேயும் சரி என்றால்தான் அதில் சரி.
ஒருவர் கூடாது என்றாலும் கூடாது.
பதின்மூன்று இன்னும் மூடியே இருந்தது.

நாகூர் கனியை உலுக்கிச் சொன்னேன்.
சிவில் ஐடி காலாவதியாகி நாலு மாதம்,
பக்காலாவுக்குக்கூட இருட்டிய பிறகே இறங்குபவன்.
"என்ன நம்பர்னு சொன்னே?"
"தொண்ணூத்தெட்டு."
"நல்ல நம்பர்தான்" என்று
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

டிரைவரைப் பிரித்து நாலு வரி திருத்தி
அட்டையை ஏமாற்ற ஒரு வழி உண்டு.
மூன்று மணி நேரம் ஆகும்.
நாலரைக்கு டியூட்டி பஸ்.
இறங்கிப் போய்ப் பென்னியின் கதவைத் தட்டினேன்.

லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்தான். "எந்தா?"
"பதின்மூணுலேர்ந்து ஆறுக்கு வா."
மலையாளத்தில் நாலு வார்த்தை சொன்னான்,
இரண்டு எனக்குத் தெரிந்தவை, அச்சில் ஏறாதவை.
ஆனாலும் நின்ற இடத்திலேயே போனைத் திறந்து
மாற்றினான். கதவு அறைந்தது.

திரும்பி வந்தபோது
பட்டியலின் உச்சியில் பென்னி.
ஓரத்து ஆரஞ்சு விளக்கு நீலமாகியிருந்தது.
நாட்டை மறுபடி கேட்டுப் பார்த்தேன்.
அதே தொண்ணூற்றெட்டு.

நானூற்றுப் பன்னிரண்டு புதுப்பிப்புகள்
காத்திருக்கின்றன என்றது பெட்டி.
காத்திருக்கட்டும்.
கீழே தச்சர் உதவியாளர் எழுந்து
தலையணைக்கடியில்
பஸ் சாவியைத் துழாவுகிறார்.