ஒற்றைக் காலில் முப்பது

ஏறுவதற்கு முன்
ஒற்றைக் காலில் முப்பது எண்ணும்வரை நிற்கவேண்டும்.
துவாஸில், எங்கள் யார்டில், போன மாதம் வந்த விதி.
ரோஸ்னி கடிகாரத்தோடு நிற்கிறாள்,
அவளும் தூங்கவில்லையோ என்னவோ,
ஒரு தோள் கன்டெய்னரில் சாய்ந்திருக்கிறது.

நான் இரண்டு இரவாய்த் தூங்கவில்லை.
ஒன்று எண்ணெய்க் கப்பலின் வயிற்றுக்குள் ஓட்டி.
மற்றது மேல்கட்டில் ரஃபீக்குலின் இருமல்.

முதலில் கணுக்காலையே நினைத்தேன்.
ஆடாதே ஆடாதே என்று
மேஸ்திரியைப்போல் அதன் தலைமேல் நின்றேன்.
அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால்
எவனுக்குத்தான் வேலை ஓடும்?
பூட்ஸுக்குள் பெருவிரல் எதையோ பிராண்டியது.
பதினொன்றில் கால் தரைக்கு வந்துவிட்டது.

இன்னொரு தடவை என்று விரல் காட்டினாள்.

அவளுக்குப் பின்னால் பாதி சாயமடித்த கப்பல்,
அதன் மூக்கில் வெள்ளையாய் எட்டு, ஆறு, நான்கு.
எண்ணைக் கண்டதும் கணக்கில் விழுந்தேன்.
இருபத்தாறு நாள், நாளுக்கு இருபத்து நான்கு வெள்ளி.
ஓட்டி ஐம்பத்தெட்டு மணி, மணிக்கு நாலரை.
ஆகமொத்தம் எண்ணூற்று எண்பத்தைந்து.
உடம்பு,
யாரும் கவனிக்காத பிள்ளையின் சமர்த்தோடு,
தன்பாட்டுக்கு நின்றது.
தூக்கம் பக்கத்திலேயே வரிசையில் நின்றது, தன் முறைக்கு.

"இருபது" என்றது எங்கிருந்தோ அவள் குரல்.
சாப்பாட்டுக்கு நூற்றைம்பது போக.
ஏஜெண்டுக்கு நானூறு போக.
"இருபத்தாறு."
மீதி முந்நூற்று முப்பத்தைந்து.

கணக்கு தீர்ந்துபோனது.
எண்ணிக்கை தீரவில்லை.

சும்மா இருந்த மனம் கீழே இறங்கி வந்து
கால் என்று ஒன்று இருப்பதைப் பார்த்தது.
பார்த்ததும் சிமெண்டுத் தரை படகாகிவிட்டது.

இருபத்தெட்டு என்று எழுதினாள்.
"இரண்டுதானே" என்றேன்.
பதில் சொல்லாமல் அண்ணாந்து பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
ஆறு மாடி உயரச் சாரக்கட்டில்
சகாயராஜ் பலகை விட்டுப் பலகை போய்க்கொண்டிருந்தான்,
உதடு அசைந்தபடி.
அவனும் ஏதோ கழிக்கிறான்.
அது சீக்கிரம் தீராமல் இருக்கட்டும்.

எனக்கு இன்று தரைவேலை.
விழுந்து கிடக்கும் கிளாம்ப்களைப் பொறுக்கி
வாளியில் போடவேண்டும். ஓட்டி கிடையாது.
முதல் கிளாம்புக்குக் குனியும்போதே
துவாஸ் முழுக்க ஒருபக்கம் சரிந்தது.
வாளியின் காதைப் பிடித்துக்கொண்டேன்.

நாலு மணி, நாலரை வெள்ளி.
முந்நூற்று முப்பத்தைந்தில்
பதினெட்டு போக...

தரை மெல்ல
தன் இடத்துக்குத் திரும்பியது.