பதிலளித்தவர் எண் 27

ஜங்ஷனிலிருந்து அபிஷேகப்பட்டி போகும் பஸ்ஸில்
மூன்றாம் இயலை மடியில் வைத்துக்கொண்டு
ஐந்து வருடம் போய்வந்தாயிற்று.
கண்டக்டருக்கு நான் 'யுனிவர்சிட்டி ஒண்ணு'.
வீட்டில், 'இன்னுமா முடியல'.
பதிவேட்டில், பன்னாட்டு உறவுகள், முழுநேரம்.
உதவித்தொகை ஆறு மாதமாக நிலுவை.

தலைப்பு நீளம். சுருக்கினால்,
புகையிலைக்கு எதிராக உலக நாடுகள் செய்த ஒப்பந்தமும்
மேலப்பாளையத்து விரல்களும்.
நெறியாளர் 'விரல்களும்' என்பதை அடித்துவிட்டு
'தொழிலாளர் வாழ்வாதாரமும்' என்று எழுதினார்.
முதல் இயலில் வரும் கோட்பாட்டின்படி
உலக அரங்கில் அரசுகள் மட்டுமே பேசும்.
ஆட்களுக்கு அங்கே வாய் கிடையாது.

பிரிவு பதினேழு எனக்குத் தலைகீழ்ப் பாடம்.
குலவணிகர்புரம் கேட் அடைத்திருக்கும்போதெல்லாம்
முணுமுணுத்துக்கொள்வேன்:
புகையிலைத் தொழிலாளருக்குக் கட்டுப்படியாகும் மாற்று வழிகளை
அரசுகள் பொருத்தமானபடி ஊக்குவிக்க வேண்டும்.
'பொருத்தமானபடி' என்ற ஒரு சொல்லுக்கு
இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.
இன்னும் பிடிபடவில்லை.

இருபத்தேழாவது ஆள் மைதீன் பாத்து.
வயது முப்பத்தொன்று, என்னைவிட இரண்டு குறைவு.
முறத்தை மடியிலிருந்து இறக்காமலே
கேள்வித்தாளை எட்டிப் பார்த்தாள்.
நான் கேட்க, அவள் சுற்ற,
ஒரு கேள்விக்கு இரண்டு பீடி ஆனது.
வருமானம் பற்றிய கேள்விக்கு ஐந்து.

மாற்றுத் தொழில் என்றதும் நூல் நின்றது.
"அத எங்க வச்சு எழுதுனாவ?"
ஜெனீவா என்றேன்.
"அங்க பீடி சுத்துவாவளா?"
மாட்டார்கள்.
"குடிப்பாவளா?"
தெரியவில்லை. முந்தைய ஆய்வுகளில் இல்லை.
"இதுக்கு ஒனக்கு எவ்வளவு குடுக்காவ?"
ஆறு மாதமாக ஒன்றும் இல்லை.
"கழிச்சிட்டாவளாக்கும்," என்றாள்.
கடையில் கட்டை அமுக்கிப் பார்த்து
தூள் பத்தாது என்று தள்ளுவார்களே, அந்தச் சொல்.
என் இரண்டாம் இயல் திரும்பி வந்தது
அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன்.
தெரியாது. சும்மா சொன்னாள்.

படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள்.
கடைக்காரர் கண்ணில் பட்டால்
அடுத்த வாரம் இலை எடை குறையும்.
உன் பெயர் வராது, வேறு பெயர் வைப்பேன்,
ஆய்வு நெறி அப்படி என்றேன்.
"அப்பம் நானே வைக்கேன்."
ஒரு கட்டு முடியும்வரை யோசித்தாள்.
"ஜெனீவா. நல்லாத்தான் இருக்கு.
எங்க தெருவுல ஒருத்திக்கும் இல்ல."

ஆகவே, பக்கம் நூற்று நாற்பத்தொன்றில்
ஜெனீவா நாளொன்றுக்கு எண்ணூறு பீடி சுற்றுகிறார்.
ஜெனீவாவுக்கு வலது தோளில் தீராத வலி.
ஜெனீவாவின் மகள் ஒன்பதாம் வகுப்பு,
பள்ளி விட்டு வந்ததும் இலை வெட்டுகிறாள்.
ஒப்பந்தம் பற்றி
ஜெனீவா இதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஓரத்தில் சிவப்பு மையில் நெறியாளர்:
நகரமா, நபரா? தெளிவுபடுத்துக.

அடிக்குறிப்பு ஒன்று எழுதி அழித்தேன்.
'ஜெமீலா' என்று மாற்றிப் பார்த்தேன்.
எந்த ஊரிலும் இல்லாத ஒரு பெண் மாதிரி இருந்தது.
பழையபடி ஆக்கி
அப்படியே சமர்ப்பித்தேன்.

இன்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல்.
"புள்ள, புஸ்தகம் எப்பம் வரும்?
எம் பேரு ஒழுங்கா போட்டிருக்கியா?
இங்க காலைலேந்து கரண்டு இல்ல,
முடுக்குல வந்து ஒக்காந்திருக்கோம்."

களக் குறிப்பேட்டை எடுத்தேன்.
ஆய்வு முடிந்துவிட்டது, எழுதத் தேவையில்லை.
இருந்தும் தேதி போட்டு எழுதினேன்:
ஜெனீவாவில் மின்தடை,
ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை.
வேலை நடக்கிறது.