கேட் போட்ட நேரம்

பிரஷர் மாத்திரை வாங்கத்தான் போனேன்.
வியாழக்கிழமை. டோக்கன் நாற்பத்தேழு.
ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில்
தடுப்பூசிப் பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு
பாய் விரித்திருந்தார்கள்.
ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு எஸ்தர் கேட்டாள்:
போன ரெண்டு வாரத்துல
எத்தனை நாள்க்கா
எதுலயும் மனசு ஒட்டாம இருந்துச்சு?

ஒன்பது கேள்வி.
எட்டுக்கு விரல்விட்டுச் சொன்னேன்.
ஒன்பதாவதுக்கு
அதெல்லாம் இல்லம்மா என்றேன்.
அவள் பேனா கொஞ்ச நேரம்
தாளைத் தொடாமல் நின்றது.

என்ன கஷ்டம் உனக்கு என்கிறார்கள்.
கஷ்டம் என்றால் சொல்லிவிடலாமே.
புருஷன் குடிப்பதில்லை.
கடன் இருக்கிறது, வியாசர்பாடியில் யாருக்கு இல்லை.
தண்ணி லாரி சத்தம் கேட்கும்,
குடங்கள் படியில் உருளும்,
தேவகிருபை என் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்,
நான் படுத்தே கிடப்பேன்.
நனைந்த கோணியை யாரோ
நெஞ்சில் போட்டுவிட்டுப் போனதுபோல.

பாயில் ஆறு பேர்.
இறால் உரிக்கும் தேசம்மா,
விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து.
கன்டெய்னர் ஓட்டிய வேதமுத்து,
இடுப்பு போனபின் வீட்டில்.
உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றார்.

மூச்சக் கவனிங்க, என்றாள் எஸ்தர்.
ஹபீபா சிரித்துவிட்டாள்.
எந்த மூச்சும்மா?
கொடுங்கையூர் குப்ப எரியறப்ப வருதே, அதுவா?
ராத்திரி மணலிப் பக்கத்துலேர்ந்து வருதே, அதுவா?
எல்லோரும் சிரித்தோம், எஸ்தரும்தான்.
சிரிப்பின் நடுவில் அவளுக்கே இருமல் வந்தது.

சரி, மூச்சு வேணாம்.
கால் தரையில பட்டிருக்கா? அதப் பாருங்க.

பார்த்தேன்.
இடது குதிகாலில் வெடிப்பு,
வெடிப்புக்குள் கறுப்பாய் ஒரு கோடு.
தாரா? கிரீஸா?
எப்போது மிதித்தேன், தெரியவில்லை.
பாய்க்கோரை ஒவ்வொன்றாய்த் தோலில் பதிந்தது.
வெளியே யாரோ சுகர் சீட்டைத் தொலைத்துவிட்டுக் கத்தினார்கள்.
ஒரு குழந்தை ஊசிக்கு முன்பே அழத் தொடங்கியது.
அதுவும் இருக்கட்டும், என்றாள் எஸ்தர்.
கோணி அப்படியேதான் இருந்தது.
ஆனால் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று
முதல்தடவையாகத் தெரிந்தது.

எட்டு வாரத்துக்குத்தான் காசு வந்திருக்காம்,
அப்புறம்? என்றார் வேதமுத்து.
எஸ்தர் பதில் சொல்லவில்லை.
பாயைச் சுருட்டினாள்.

நாலாவது வாரம், திரும்பும்போது,
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டான்.
ஷேர் ஆட்டோவில் ஏழு பேர்,
என் மடியில் யாருடையதோ பள்ளிக்கூடப் பை.
ஹாரன்மேல் ஹாரன்.
ரெண்டு பேர் குனிந்து உள்ளே போனார்கள்.
அந்தத் தண்டவாளத்தை நான் முன்பும் பார்த்திருக்கிறேன்.
வேறு மாதிரி.

கூட்ஸ் வந்தது. மெதுவாக.
பெட்டிகளை எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.
சூடான இரும்பு வாசனை.
சீட்டின் கிழிசல் தொடையில் குத்தியது.
பை பட்டையை இறுக்கிப் பிடித்திருந்த கை
என்னுடையது.
பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.
கேட் தூக்கியதும்
முன்சீட்டுக்காரர் கேட்டார்:
எவ்ளோ நேரம் நிறுத்திட்டான் பாத்தியா?
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வியாழன் கரண்ட் இல்லை.
ஐஸ் உருகிய தண்ணீர் பாய்வரை ஓடியிருந்தது.
எஸ்தர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.
நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

அந்த ஒம்பதாவது கேள்வி
இன்னொரு தபா கேளு, என்றேன்.

ஃபாரத்தைத் தேடினாள். தீர்ந்துபோயிருந்தது.
என் மாத்திரைச் சீட்டையே பின்பக்கம் திருப்பினாள்.
பிறகு
பேனாவை மூடி வைத்துவிட்டு
ஈரத் தரையிலேயே
என் பக்கமாய்த் திரும்பி உட்கார்ந்தாள்.